சபையில்லாத கவர்னர்கள்

இலங்கையில் மாகாண சபை என்ற பெயர் இருக்கிறது. சபைக்கென்று கட்டிய கட்டடங்கள் இருக்கின்றன. காரியதரிசிகளும் குமாஸ்தாக்களும் மாதந்தோறும் சம்பளம் பெறுகிறார்கள். ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்கள்தான் இல்லை. கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ மாகாண சபைகளின் ஆயுள் 2017-ம் வருஷத்திலேயே முடிந்துவிட்டது. வடக்கு, மத்திய, வடமேல் மாகாணங்களின் சபைகள் 2018-லும், மேல், தெற்கு, ஊவா சபைகள் 2019-லும் முடிவெய்தின. அதன்பின் 2025-ம் வருஷம் கழியும்வரையில் ஒரு மாகாணத்திலேனும் தேர்தல் நடத்தப்படவில்லை. ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட ஒன்பது கவர்னர்களே ஒன்பது மாகாணங்களின் ராஜ்ய பாரத்தையும் தாங்கி வந்தார்கள். தாங்கினார்கள் என்று மரியாதைக்காகச் சொல்லுகிறோம். கேள்வி கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில் பாரம் அவ்வளவாகத் தெரியாது.

இந்நிலைமை தற்செயலாக நேர்ந்ததென்று நாம் கருதவில்லை. 1987-ம் வருஷம் ஜூலை 29-ந் தேதி ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் பயனாக, அவ்வருஷம் நவம்பரில் பதின்மூன்றாவது அரசியல் திருத்தம் நிறைவேறிற்று. அதைப் படித்தவரிலும் அதைப் பற்றிப் பேசியவர் அதிகம். படித்துப் பார்ப்போருக்கு ஒரு விஷயம் உடனே புலப்படும். மாகாணத்தின் நிர்வாக அதிகாரம் கவர்னரிடத்திலே வைக்கப்பட்டிருக்கிறது. முதல் மந்திரியும், மேற்படாமல் நான்கு மந்திரிகளும் அவருக்கு 'உதவியும் ஆலோசனையும்' அளிக்கவேண்டும். அவ்வாலோசனைப்படியே கவர்னர் நடக்கவேண்டுமென்று ஒரு கையால் கொடுத்துவிட்டு, அவருடைய சொந்த விவேகத்துக்கு விடப்பட்ட விஷயங்கள் இதற்கு விலக்கு என்று மறு கை எடுத்துக்கொள்கிறது. ஒரு விஷயம் அந்த விலக்கில் அடங்குமா என்ற சந்தேகம் எழுந்தால், தீர்த்துவைப்பவரும் கவர்னரே. அவருடைய முடிவை எந்தக் கோர்ட்டும் விசாரிக்கலாகாது.

இந்த வாசகம் நமக்குப் புதிதல்ல. 1935-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின் 50-வது பிரிவில் நாம் கண்ட வாசகமே இது. அச்சட்டம் கவர்னரைத் தம் சொந்த விவேகப்படி நடக்கும் காரியங்களில் வைஸ்ராயின் மேற்பார்வைக்குக் கீழ்ப்படுத்திற்று. இலங்கைத் திருத்தமோ கவர்னரின் விவேகம் ஜனாதிபதியின் கட்டளைப்படியே நடைபெறவேண்டுமென்று ஒளிவு மறைவின்றிச் சொல்லுகிறது. பிறர் கட்டளைப்படி நடக்கும் விவேகம் எத்தகைய விவேகம் என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும். 1937-ல் சென்னை சட்டசபையின் 215 ஸ்தானங்களில் 159-ஐக் கைப்பற்றியிருந்தும், கவர்னர் அன்றாட நிர்வாகத்தில் தலையிடமாட்டார் என்ற உறுதி கிடைக்கும் வரையில் காங்கிரஸ் பதவி ஏற்க மறுத்து மூன்று மாதம் காத்திருந்தது. இவ்விஷத்தை உணர்ந்தே அவ்வாறு செய்தது. இலங்கையில் அத்தகைய உறுதியை எவரும் கேட்டுப் பெற்றதாகத் தெரியவில்லை.

பெற்றிருக்கவும் முடியாது போலும். திருத்த மசோதா அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் முன் 1987-ல் வந்தபோது அவர்களுக்குள் அபிப்பிராய பேதம் கடுமையாயிருந்தது. மசோதா ஒற்றையாட்சிக்கு விரோதமல்ல என்று கண்ட நீதிபதிகளுக்குப் பெரிதும் உதவிய காரணம் ஒன்று உண்டு. கவர்னர் ஜனாதிபதியின் மனிதர், ஆகையால் மாகாணத்தின் அதிகாரம் உண்மையில் கொழும்பை விட்டு வெளியேறவில்லை என்பதே அது. மாகாண சுயாட்சியைச் சட்டமாக்க எந்தக் காரணம் துணைசெய்ததோ, அதே காரணம் அதைச் சாரமற்றதாகவும் ஆக்கிவிட்டது.

சபை உயிரோடிருந்த காலத்திலும் கவர்னரின் கை எவ்வளவு நீளமானது என்பதை வடக்கு மாகாணம் அறியும். யுத்தம் முடிந்த 2009-ம் வருஷம் முதல் 2015 வரையில் அங்கே ஒரு மாஜி மேஜர் ஜெனரல் கவர்னராயிருந்தார். கிழக்கில் ஒரு மாஜி கடற்படை அதிகாரி. 2013 செப்டம்பரில் நடந்த தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஸ்தானங்களில் 30-ஐ அடைந்தது. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீ விக்னேஸ்வரன் முதல் மந்திரியானார். சட்டம் தெரிந்த அவரும் சட்டத்தினாலேயே கட்டுண்டார். நியதிச் சட்டம் என்று அங்கே வழங்கும் மாகாணச் சட்டம் வரி அல்லது மாகாண நிதி சம்பந்தமானதாயின், கவர்னரின் சிபாரிசின்றிச் சபையில் கொண்டுவரவே கூடாது. மாகாண உத்தியோகஸ்தர்களை நியமிக்கும் அதிகாரமும் கவர்னருடையது. நியமனங்களைக் கவனிக்கும் கமிஷனின் அங்கத்தினர்களையும் அவரே நியமிக்கிறார். மந்திரி உத்தரவிடலாம், உத்தரவைப் பெறுகிற உத்தியோகஸ்தரின் கண் கவர்னர் மாளிகையை நோக்கியிருக்கும்.

இப்படியிருந்தும் சபை வேறு, கவர்னர் வேறு என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு ஒருமுறை தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2012-ல் கிராம அபிவிருத்தி அதிகாரங்களை மத்திய சர்க்காரின் இலாகா ஒன்றில் குவிக்கும் 'திவிநெகும' மசோதா வந்தது. அதை மாகாண சபைகளின் அபிப்பிராயத்துக்கு அனுப்பவேண்டியிருந்தது. வடக்கில் அப்போது சபையே இல்லை. சபைக்குப் பதிலாகக் கவர்னர் இசைவு தெரிவித்தார்! அவ்விசைவு சபையின் இசைவாகாது என்று கோர்ட்டு தள்ளிவிட்டது. தேர்தலே இல்லாத பிற்காலத்தில் ஒன்பது மாகாணங்களுக்கும் பொருந்திய தீர்ப்பு இது.

தேர்தல் நின்ற விதத்தைச் சுருக்கமாகச் சொல்லுவோம். 2017 செப்டம்பரில், ஸ்திரீகளுக்கு ஸ்தானம் ஒதுக்குவதற்கென்று வந்த ஒரு மசோதாவில், கடைசி நேரத்தில் தேர்தல் முறையையே மாற்றும் ஷரத்துக்கள் நுழைக்கப்பட்டன. புதிய முறைக்குத் தொகுதிகள் பிரிக்கவேண்டும். பிரித்த கமிட்டியின் அறிக்கை 2018 ஆகஸ்டில் பார்லிமெண்டின் முன் வந்தபோது எதிர்த்து 139 வோட்டுக்கள் விழுந்தன. ஆதரித்து ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த மந்திரியும் எதிர்த்தே வோட்டளித்தார். பிரதம மந்திரியின் தலைமையில் மறுபரிசீலனைக் கமிட்டி ஏற்பட்டது. அதன் அறிக்கை வரவேயில்லை. பழைய முறை ரத்தாயிற்று, புதிய முறை பிறக்கவில்லை. தேர்தலை ரத்துச் செய்கிறோம் என்று ஒருவரும் சொல்லாமலே தேர்தல் ரத்தாயிற்று.

சென்னை மாகாணமும் சபையின்றி இருந்ததுண்டு. 1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமாச் செய்த பின், 1946 ஏப்ரல் வரையில் கவர்னரும் ஆலோசகர்களுமே ஆண்டார்கள். ஆனால் அந்நிய சர்க்காருங்கூட அதற்கு 93-வது பிரிவின்கீழ் ஒரு பிரகடனம் வெளியிட்டது. தன் பார்லிமெண்டின் சம்மதத்தையும் பெற்றது. இலங்கைத் திருத்தத்திலும் அத்தகைய பிரிவு உண்டு. மாகாண நிர்வாகம் முறிந்துவிட்டதென்று ஜனாதிபதி பிரகடனம் செய்யலாம். அதைப் பார்லிமெண்டின் முன் வைக்கவேண்டும். அதற்குக் கால வரம்பும் உண்டு. அந்தச் சிரமம் எதுவும் இப்போது தேவைப்படவில்லை. காலியாய்க் கிடக்கும் நாற்காலிகளே பிரகடனத்தின் வேலையைச் செய்துவிட்டன, கால வரம்பும் இல்லாமல்.

"இப்போதிருப்பவர் நல்லவர், தமிழர், மாகாணத்தை நன்கறிந்தவர், காரியங்கள் நடக்கின்றன" என்று சில நண்பர்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். 2024 செப்டம்பரில் வடக்குக்கு நியமனம் பெற்றவர் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராயிருந்து அனுபவம் பெற்றவர் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் 1940 பிப்ரவரியில் சென்னையில் கட்டாய ஹிந்தியை எடுத்ததும் கவர்னர் ஆட்சியே. அதைத் தமிழ் ஜனங்களில் பெரும்பாலோர் வரவேற்றார்கள். ராஜாஜி மந்திரிசபை சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கை யுத்த காலத்தில் நிறுத்திவைத்ததும் அதே கவர்னர் ஆட்சிதான். முந்தியதற்காக நன்றி கூறியவர்களுக்குப் பிந்தியதைத் தடுக்க ஒரு வோட்டும் இருக்கவில்லை. நல்ல கவர்னரையும் ஜனாதிபதி ஒரு கடிதத்தினால் வீட்டுக்கு அனுப்பலாம். 2024-ல் ஜனாதிபதி மாறியவுடன் ஒன்பது மாகாணங்களிலும் கவர்னர்கள் மாறியதை எல்லோரும் பார்த்தோம்.

பள்ளிக்கூடங்கள், வைத்தியசாலைகள், கிராமச் சாலைகள், விவசாயம், கூட்டுறவு ஆகியவை மாகாணப் பட்டியலில் உள்ளன. இவற்றைப் பற்றி ஒரு நியதிச் சட்டம் இயற்றக் கவர்னருக்கும் அதிகாரமில்லை. சபைக்கு மட்டுமே உண்டு. ஆகவே வடக்கில் 2018 அக்டோபர் முதல் இவ்விஷயங்களில் மாகாணத்தின் வாய் அடைபட்டது. மத்திய சர்க்கார் ஒரு பள்ளிக்கூடத்தைத் தேசியப் பாடசாலை என்று எடுத்துக்கொண்டால், ஆட்சேபித்துத் தீர்மானம் நிறைவேற்ற இடமில்லை. மனுக் கொடுக்கலாம், அதையும் கவர்னரிடமே கொடுக்கவேண்டும்.

கவர்னர் பதவிக்கு இன்னாரை அனுப்புங்கள் என்று கொழும்பில் தூது செல்லும் தமிழ்ப் பிரமுகர்களுக்கு நாம் கூறுவது இது. புதிய தொகுதிப் பிரிவினை முடியும் வரையில் பழைய விகிதாசார முறையிலேயே தேர்தல் நடக்கலாம் என்று பார்லிமெண்டு ஒரு சிறு திருத்தம் செய்தால் போதும். அந்த மசோதா ஒரு பக்கத்துக்குள் அடங்கும். அதைக் கேளுங்கள், தேர்தல் தேதியைக் கேளுங்கள். கவர்னர் யார் என்பதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.