கரும்பலகை ஆராய்ச்சிக்குக் கருவூலத்தில் இடம் எங்கே?

புது தில்லி: நாடாளுமன்றத்தின் 2023-ம் ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடர், மணிப்பூர் விவகாரத்தால் பெரும்பாலும் அமளியிலேயே கழிந்தது. அந்த அமளிக்கிடையே ஆகஸ்ட் 7-ம் தேதி ஒரே நாளில் மக்களவையில் நிறைவேறிய இரு மசோதாக்கள், ஆகஸ்ட் 9-ம் தேதி மாநிலங்களவையின் ஒப்புதலையும் பெற்றன. ஒன்று, குடிமக்களின் தனிப்பட்ட டிஜிட்டல் தகவல்களைப் பாதுகாப்பதற்கானது. மற்றொன்று, அறிவியல் ஆராய்ச்சிக்கு நிதி வழங்க "அனுசந்தான்" தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையை ஏற்படுத்துவதற்கானது.

இரண்டும் வெவ்வேறு அமைச்சகங்களின் மசோதாக்கள். எனினும் இரண்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. முதல் சட்டம் காக்க நினைக்கும் தகவல்களுக்குப் பூட்டாக இருப்பது கணிதம். அந்தக் கணிதத்தை ஆராய்பவர்கள் நிதிக்காகக் காத்து நிற்க வேண்டியிருப்பதோ இரண்டாவது சட்டத்தின் வாசலில்.

பூட்டு எது? தகவல்களைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனங்களுக்கு ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க முதல் சட்டம் வகை செய்கிறது. ஆனால், பாதுகாப்பு என்பது அபராதத்தால் மட்டும் வந்துவிடுவதில்லை. வங்கிப் பரிமாற்றம், ஆதார் விவரங்கள், 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகரித்த டிஜிட்டல் கையொப்பம் ஆகிய அனைத்தும் சங்கேத முறைகளை நம்பியே இயங்குகின்றன. இவற்றில் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. முறை, 1977-ல் அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் உருவானது. மிகப் பெரிய இரு பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. பெருக்கி வந்த எண்ணிலிருந்து அவ்விரண்டையும் பிரித்தெடுப்பது மிகக் கடினம். இந்த ஏற்றத்தாழ்வே பூட்டின் பலம்.

கணினிக்கு எது எளிது, எது கடினம், ஏன் கடினம் என்று ஆராய்வதுதான் கோட்பாட்டுக் கணினி அறிவியல். மென்பொருள் எழுதுவதோ இயந்திரம் செய்வதோ இதன் வேலை அல்ல. கரும்பலகையும் காகிதமும் நிறைய அவகாசமும் இருந்தால் போதும். இதனாலேயே திட்டம் தீட்டுவோரின் கண்ணில் இது எளிதில் படுவதில்லை.

கான்பூரின் சாதனை: இத்துறையில் இந்தியா உலகின் கவனத்தை ஈர்த்தது 2002 ஆகஸ்டில். கான்பூர் ஐஐடி பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அவ்வாண்டுதான் அங்கு பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா ஆகிய மாணவர்களும் 9 பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். ஓர் எண் பகா எண்ணா, இல்லையா என்பதை விரைவாகவும் ஐயமின்றியும் கண்டறியும் வழிமுறை அதில் இருந்தது. எண்ணின் இலக்கங்கள் கூடினாலும் கணக்கிடும் நேரம் கட்டுக்கடங்காமல் பெருகாது; தற்செயல் தேர்வையோ, நிரூபிக்கப்படாத ஊகத்தையோ நம்ப வேண்டியதும் இல்லை. நெடுங்காலமாக விடை காணப்படாத கேள்வி அது. 2006-ல் கோடெல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் இம்மூவருக்கும் கிடைத்தன.

ஆனால், அந்த வழிமுறை இன்று வங்கிகளின் கணினிகளில் பயன்படுவதில்லை. தவறுவதற்கு மிகச் சிறிய வாய்ப்பு இருந்தாலும், முன்பே இருந்த மில்லர்-ராபின் சோதனை அதைவிட வேகமானது. உடனடிப் பயன் என்ன என்ற ஒரே அளவுகோலால் அளந்தால், கான்பூர் ஆய்வு நிதி பெறத் தகுதியற்றதாகவே தோன்றியிருக்கும்.

அதன் பயன் வேறு வடிவில் வந்தது. கோட்பாட்டு ஆய்வாளராகவே அறியப்பட்ட அகர்வால், பின்னாளில் கான்பூர் ஐஐடியின் இணையப் பாதுகாப்பு மையத்துக்குத் தலைமையேற்றவர்களில் ஒருவரானார். 2024-ல் அந்த ஐஐடியின் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். வெளிநாடுகளில் பணியாற்றிய சக்சேனா கான்பூருக்கே பேராசிரியராகத் திரும்பினார். கயல், பெங்களூரிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் சேர்ந்தார். அடிப்படை ஆய்வுக்கு ஆதரவு தேடிய ஓர் இந்திய ஆய்வாளருக்கு இடமளித்த தனியார் நிறுவனம் அமெரிக்க நிறுவனமாக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

புதிய அச்சுறுத்தல்: போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி உருவானால் ஆர்.எஸ்.ஏ. பூட்டு உடையும் என்பதை அமெரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994-லேயே நிறுவிவிட்டார். அத்தகைய கணினி இன்னும் வரவில்லை. ஆனால், இன்று சங்கேத வடிவில் செல்லும் தகவல்களைத் திரட்டி வைத்துக்கொண்டு, கணினி வந்தபின் திறந்து படிக்கலாம் என்பதால் அபாயம் இப்போதே தொடங்கிவிட்டது. பல ஆண்டுகள் ரகசியமாக இருக்க வேண்டிய ராணுவ, மருத்துவ, அடையாள ஆவணங்களுக்கே இதனால் ஆபத்து அதிகம்.

இதற்கு மாற்றாக, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூன்று புதிய சங்கேதத் தரங்களை வெளியிட்டது. அவற்றில் இரண்டு, எண்களின் பின்னல் அமைப்புகளைச் சார்ந்த கணக்குகளை அடித்தளமாகக் கொண்டவை. அக்கணக்குகளைக் கொண்டு சங்கேதம் அமைக்கலாம் என்ற சிந்தனைக்கு 1996-ல் வழிவகுத்தது மிக்லோஷ் ஐதாய் என்பவரின் கோட்பாட்டுக் கட்டுரை. கட்டுரைக்கும் தரத்துக்கும் இடையே 28 ஆண்டுகள். எந்த நாட்டின் திட்டக் காலமும் அவ்வளவு நீளமானதல்ல.

நிதி போகும் திசை: மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ரூ. 6,003.65 கோடி ஒதுக்க ஒப்புதல் அளித்தது. 2030-31 வரையிலான இத்திட்டத்தில், எட்டு ஆண்டுகளில் இத்தனை "க்யூபிட்" திறனுள்ள கணினி, 2,000 கி.மீ. தொலைவுக்குப் பாதுகாப்பான தகவல் தொடர்பு என்று இலக்குகள் எண்களில் வரையறுக்கப்பட்டுள்ளன. தகவல் தொடர்புப் பிரிவின் மையம் சென்னை ஐஐடி. கருவிகளுக்கு இலக்கு நிர்ணயிப்பது எளிது. அடுத்த ஆண்டுக்குள் ஒரு தேற்றம் நிரூபிக்கப்பட வேண்டும் என்று எந்த அமைச்சகமும் உத்தரவிட முடியாது.

அறக்கட்டளையின் நிதி அமைப்பும் இதே சிக்கலை எழுப்புகிறது. 2023 முதல் 2028 வரை ரூ. 50 ஆயிரம் கோடி என்று அறிவிக்கப்பட்டதில் அரசின் பங்கு ரூ. 14 ஆயிரம் கோடி மட்டுமே. எஞ்சிய ரூ. 36 ஆயிரம் கோடி தொழில் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் போன்ற பிற வழிகளில் திரட்டப்பட வேண்டும். 2025 ஜூலையில் ஒப்புதல் பெற்ற ரூ. 1 லட்சம் கோடி ஆராய்ச்சி, மேம்பாட்டு, புத்தாக்கத் திட்டமும் தனியார் துறைக்கு நீண்ட காலக் கடன், முதலீடு ஆகிய வடிவங்களில்தான் செல்கிறது. ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பங்களுக்கே அது பொருந்தும்.

அரசுத் தரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. நாட்டின் ஆராய்ச்சிச் செலவு 2020-21-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் மட்டுமே. அதில் தனியார் துறையின் பங்கு சுமார் 36 சதவீதம். தென் கொரியா போன்ற நாடுகளில் பெரும்பங்கை ஏற்பது தொழில் துறையே. இங்கும் அவ்வாறு நேர வேண்டும் என அரசு விரும்புவதில் தவறில்லை. தமிழகத்தில் முன்னுதாரணமும் உண்டு. கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்குப் பெயர் பெற்ற சென்னைக் கணிதவியல் நிறுவனம், 1989-ல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஒரு பகுதியாகத் தொடங்கப்பட்டதுதான். ஆயினும், அத்தகைய புரவலர்களை மட்டுமே நம்பி ஒரு தேசியக் கொள்கையை வகுக்க இயலாது.

கோட்பாட்டு ஆய்வுக்கு வேண்டியது ஆயிரக்கணக்கான கோடிகள் அல்ல, ஆட்களும் அவகாசமும்தான். ஆனால், 2023-ல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்ட விவரப்படி மத்தியப் பல்கலைக்கழகங்களில் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர் பணியிடங்களும், ஐஐடிக்களில் 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பணியிடங்களும் காலியாக இருந்தன. இளநிலை ஆய்வு மாணவருக்கான மாத உதவித்தொகை 2023-ல் ரூ. 31 ஆயிரத்திலிருந்து ரூ. 37 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. கான்பூர் மாணவர்களைப் போன்ற ஒரு பட்டதாரிக்கு மென்பொருள் நிறுவனங்கள் தரக்கூடிய சம்பளத்துடன் இதை ஒப்பிட்டால், ஆய்வுக்கு வருவோர் எண்ணிக்கை ஏன் குறைவு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அறக்கட்டளையின் முதல் ஐந்தாண்டுக் காலம் 2028-ல் முடிவடைகிறது. அதற்கு முன்பாக ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கைகள் நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வரும். தனியாரிடமிருந்து உண்மையில் வந்த தொகை எவ்வளவு, அது வராதபோது பற்றாக்குறையை அரசு ஏற்குமா, உடனடிப் பயன் காட்ட முடியாத ஆய்வுகளுக்கென ஒரு பகுதி தனியே ஒதுக்கப்படுமா என்ற மூன்று கேள்விகளை உறுப்பினர்கள் அப்போது எழுப்பலாம். குடிமக்களின் தகவலைக் காக்கச் சட்டம் இயற்றிய அவைகளுக்கு அந்தப் பொறுப்பு உண்டு.