முதல் இரண்டு வகுப்புக்கென்று ஓர் ஆசிரியர்

32இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 25 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அந்த விடைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. 2இலிருந்து 7 போகாது. ஆகவே 7இலிருந்து 2 போக 5, 3இலிருந்து 1 போக 2. பிள்ளை தனக்குத் தெரிந்த விதியை ஒழுங்காகவே கடைப்பிடித்திருக்கிறது. 32இல் நிற்கும் 3 முப்பதைக் குறிக்கிறது என்பதுதான் அதற்கு இன்னும் பிடிபடவில்லை. ‘பக்கத்தில் கடன் வாங்கு’ என்று எத்தனை முறை சொன்னாலும் பிடிபடாது. பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்ட மூன்று ஈர்க்குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் கையில் கொடுத்து, இதில் 17 எடுத்துத் தா என்று கேட்டால் சற்று விழிக்கும். பிறகு ஒரு கட்டைத் தானே பிரிக்கும். கடன் வாங்குவது என்றால் என்ன என்று அந்த நொடியில் தெரிந்துவிடும்.

செயல்வழிக் கற்றலின் உயிர் இதில் இருக்கிறது. ஆட்டமும் பாட்டும் வண்ணத் தாளும் மேற்பூச்சு. பிள்ளை கட்டை எப்போது பிரிக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று அருகில் உட்கார்ந்து பார்க்க ஒருவர் வேண்டும். பார்த்த கையோடு அடுத்து என்ன கேட்கலாம் என்று அவர் முடிவு செய்ய வேண்டும். தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முறைகளுக்கோ கையேடுகளுக்கோ பஞ்சமில்லை. பஞ்சம் அந்த ஒருவருக்குத்தான். மாணவர் எண்ணிக்கை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் முதல் இரண்டு வகுப்புகளை மட்டும் கவனிக்க ஓர் ஆசிரியரை, மாணவர்-ஆசிரியர் விகிதக் கணக்குக்கு மேலாக, அரசு நியமிக்க வேண்டும்.

முறைகளின் வரலாற்றைப் பார்த்தாலே இது விளங்கும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியால் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில், சுற்றியுள்ள கிராமப் பிள்ளைகளுக்காக உருவான முறை அதற்கு முன்மாதிரி. 2007-08இல் அது மாநிலம் முழுவதற்கும் போனது. பெஞ்சுகள் வெளியேறிப் பாய்கள் வந்தன. கரும்பலகை பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. பாடங்கள் அட்டைகளாகப் பிரிந்தன. ஏணிப்படி அட்டவணையைப் பார்த்து, தனக்குரிய அட்டையைப் பிள்ளையே எடுத்தது. வகுப்பு ஆறு குழுக்களாக உட்கார்ந்தது: ஆசிரியரின் முழு உதவி தேவைப்படுவோர் ஒரு பக்கம், சக மாணவர் துணையோடு படிப்போர் ஒரு பக்கம், தானே படிப்போர் இன்னொரு பக்கம் என்று. இந்திய அரசுப் பள்ளிகளில் இவ்வளவு துணிச்சலான மாற்றங்கள் அதிகம் நடந்ததில்லை. அந்தப் பாராட்டை அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் நான்கு வகுப்புகளுக்கு ஒரே ஆசிரியர் இருந்த பள்ளிகளில் நடந்தது வேறு. அட்டையை எடுத்த பிள்ளை ஆசிரியரின் முறை வரும்வரை காத்திருந்தது. காத்திருந்த பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதியது. ஏணியில் அடுத்த படிக்குப் போனது. அட்டை ஏறியது, படிப்பு ஏறவில்லை. பெற்றோர் குறை சொன்னார்கள், ஆசிரியர் சங்கங்கள் சலித்துக்கொண்டன, முறை மெல்லத் தளர்ந்தது. 2018இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கின. பல பள்ளிகளில் தாழ்ந்த கரும்பலகை மட்டும் சுவரில் மிச்சம். பழி முறையின் மேல் விழுந்தது. ஆள் பற்றாக்குறையை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அடுத்து வந்தது ‘எண்ணும் எழுத்தும்’. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் தொடங்கிய இத்திட்டம், 2025க்குள் எட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஒரே வகுப்பில் உள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிப்பது சரியான யோசனை. கதைக்கும் பாட்டுக்கும் பொம்மலாட்டத்துக்கும் படிப்புக்கும் வகுப்பறையில் தனித்தனிக் களங்கள் வைத்ததும் நல்லதே. எழுத்தை அட்டவணை வரிசையில் கற்பிக்காமல் சொல்லிலிருந்து தொடங்குவதன் பயனும் கண்கூடு. 247 எழுத்தும் ஒப்பித்து முடியும்வரை எதையும் படிக்க முடியாத பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ட, ப, ம மூன்றோடு புள்ளி வைக்கவும் தெரிந்த பிள்ளை படம், பட்டம், மடம், மட்டம் என்று ஒரே வாரத்தில் படிக்கத் தொடங்கிவிடும். படிக்க முடிகிறது என்ற தெம்பு ஐந்து வயதில் சின்ன விஷயமில்லை.

இலக்கு ஆண்டு கடந்துவிட்டது. இப்போது கேட்க வேண்டியது, அரும்பில் இருக்கும் பிள்ளையோடு உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது என்பது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் தலைமையாசிரியர். குறுவள மையக் கூட்டம், பள்ளி மேலாண்மைக் குழு, காலை உணவுத் திட்டம், நலத்திட்டப் பொருள்களின் கணக்கு எல்லாம் அவர் தலையில். அவர் வெளியே போகும் நாளில் ஐந்து வகுப்பும் மற்றவருக்கு. அவரும் கைபேசியில் வருகைப் பதிவை ஏற்றி, மதிப்பீட்டைச் செயலியில் போட்டு, எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளம் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். இது போதாதென்று வாக்காளர் பட்டியல் வேலை வேறு. கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிகளில் ஈடுபடுத்தத் தடை விதித்துவிட்டு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

சிக்கலின் வேர் அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூவர் என்று அது தலைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணவில்லை. 40 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்றால் தாளில் 20க்கு ஒருவர். நகரத்துப் பெரிய பள்ளிகளுக்கும் கிடைக்காத விகிதம். ஆனால் அந்த இருவர் முன்னால் ஐந்து வகுப்புகள், ஐந்து வயது முதல் பத்து வயது வரை. சட்டத்தின் அளவு குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் கொடுக்க மாநில அரசை எதுவும் தடுக்கவில்லை.

குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் பதேக்காவின் ‘பகல் கனவு’ நம் ஆசிரியர்கள் பலர் படித்த நூல். அதில் வரும் ஆசிரியர் புதுமை செய்து காட்டுவதற்காக அதிகாரியிடம் கேட்டு வாங்குவது நான்காம் வகுப்பு ஒன்றை மட்டும். ஐந்து வகுப்பையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் கிஜுபாய்க்கு அந்தப் புத்தகத்தை எழுத விஷயமே கிடைத்திருக்காது.

சேர்க்கை குறைந்துவரும் பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர் வீண் செலவு என்று நிதித்துறை சொல்லும். சேர்க்கை ஏன் குறைகிறது என்று ஊரில் கேட்டுப் பார்க்கட்டும். ‘வாத்தியார் இல்லை’ என்பதுதான் முதலில் வரும் பதில். பிள்ளை விளையாடிவிட்டு வருகிறது, வீட்டுப்பாடம் இல்லை என்று சொல்லி நர்சரிப் பள்ளிக்கு மாற்றும் பெற்றோரும் உண்டு. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னதும், அதே ஆண்டு ஒன்றிய அரசு இந்த வகுப்புகளின் புத்தகப்பைக்கு ஒன்றரை கிலோ வரம்பு வைத்ததும் அவர்களிடம் எடுபடவில்லை. அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தால் அந்தப் புகார் தானே அடங்கும். ஆசிரியர் கவனிக்காத செயல்பாடு வெறும் பொழுதுபோக்கு என்பதில் பெற்றோர் சொல்வதே சரி.

பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்ட நிதியில் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது என்று மாநில அரசு வாதிடும். ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதற்காகப் பிள்ளைகளின் நிதியைப் பிடித்து வைத்தது அநீதி. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பற்றாக்குறை அதற்கும் மூத்தது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் இடைநிலை ஆசிரியர் நியமனம் இல்லாமல் ஓட்டிவிட்டு, 2024 ஜூலையில்தான் தேர்வு நடத்தினார்கள். அந்தத் தாமதத்தில் இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சிக்கும் பங்கு உண்டு.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் நடக்கிறது. எண்ணிக்கைக்கு மேலே இருப்பவர் ‘உபரி’ என்று பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போகிறார். பல நேரம் போகிறவர் முதல் வகுப்பைக் கையில் வைத்திருந்தவராக இருக்கிறார். முதல் இரண்டு வகுப்பு ஆசிரியரின் பணியிடம் இந்த நிர்ணயத்துக்கு உட்படாது, அவருக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணி தரக் கூடாது, அவர் வகுப்பின் பதிவேற்ற வேலைகளை வட்டார வள மையமே பார்த்துக்கொள்ளும் என்று ஓர் அரசாணை போதும். நிரவலில் அலையும் உபரி ஆசிரியர்களை வைத்தே முதல் ஆண்டைத் தொடங்கலாம். மிச்சப் பணியிடங்களுக்கான தொகையை அடுத்த நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்வித் துறை கேட்டு வாங்கட்டும்.