பிஞ்சுக் கையைப் பிடித்து இழுப்பது யார்?

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம். அடையாறு கரை புரண்டு சென்னை நகரத்துக்குள் புகுந்தது. கே.கே. நகரிலும் அதையொட்டிய எம்.ஜி.ஆர். நகர், ஜாபர்கான்பேட்டைப் பகுதிகளிலும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. வீட்டை விட்டு வெளியேறிய ஜனங்கள் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தங்கினார்கள். அப்படியொரு மண்டபத்தில் சாப்பாடு பங்கிடும் வேலையில் நானும் இருந்தேன்.

அங்கே கண்ட ஒரு சிறு காட்சியை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று. அன்று காலை அதற்குக் கிடைத்தது ஒரே ஒரு பன் ரொட்டி. எதிர்ச் சுவரோரம் ஒரு சிறுவன் அழுதுகொண்டிருந்தான். யாரும் சொல்லவில்லை, குழந்தை தானாக எழுந்து போய் ரொட்டியைப் பிட்டு அவனிடம் நீட்டியது. அவன் வாங்குவதற்குள் தாய் ஓடிவந்து அதன் கையைப் பிடித்து இழுத்தாள். "அவங்க வூட்டுப் புள்ளையோட ஒட்டாதேன்னு எத்தினி தபா சொல்றது?" என்றாள். சிறுவனின் தகப்பன் குப்பை அள்ளும் தொழிலாளி.

அந்தத் தாய் கெட்டவளா? அல்ல. கே.கே. நகரில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைப்பவள். அந்த வீடுகளில் அவளுக்கென்று தனி டம்ளர் வைத்திருக்கிறார்கள் என்று முந்தின நாள்தான் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள். மேலே இருப்பவர்கள் தனக்குச் செய்ததை, தனக்குக் கீழே என்று தான் நினைத்தவர்களுக்கு அவள் செய்தாள்.

நான் என்ன செய்தேன்? கையில் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு பார்த்துக்கொண்டு நின்றேன். "வெள்ள நேரத்தில் தகராறு எதற்கு?" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குழந்தையின் நல்ல குணம் பிறவியில் வருவதா, சொல்லிக்கொடுத்து வருவதா? "பிறவிக் குணம் மட்டை வைத்துக் கட்டினாலும் போகாது" என்பார்கள் சிலர். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும், எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது" என்பார்கள் வேறு சிலர். விஞ்ஞானம் என்ன சொல்லுகிறது?

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த வார்னெக்கன், தொமாசெல்லோ என்ற இருவர் 2006-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைகள் 24 பேர். முன்பின் பழக்கமில்லாத ஒருவர் கொடியில் துணி காயப்போடும்போது கிளிப்பைக் கீழே தவறவிடுகிறார்; எட்டி எடுக்க முடியாமல் தவிக்கிறார். இது போன்ற பல வேலைகள். 22 குழந்தைகள் ஏதாவது ஒரு முறையாவது உதவி செய்தன. பரிசு கிடையாது, பாராட்டும் கிடையாது. 2008-ல் அவர்களே இன்னொன்றையும் கண்டார்கள். உதவி செய்யும் ஒவ்வொரு தடவையும் பொம்மை கொடுத்துப் பழக்கினால், பொம்மை நின்ற பிறகு குழந்தை உதவுவது குறைந்துபோகிறது. கூலி பேசிய இடத்தில் அன்பு சுருங்கிவிட்டது!

அதற்காகக் குழந்தை நீதிமானாகவே பிறக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உதவுகிற பொம்மையையும் இடைஞ்சல் செய்கிற பொம்மையையும் காட்டினால், கைக்குழந்தைகள்கூட நல்ல பொம்மையையே எடுக்கின்றன என்று 2007-ல் அமெரிக்காவில் சொன்னார்கள். பின்னர் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் ஒன்றுகூடி, ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் அதைத் திரும்பச் செய்து பார்த்தன. 2024-ல் வெளியான முடிவின்படி, நல்ல பொம்மையை எடுத்தவை ஏறக்குறையப் பாதிதான்.

ஒன்றரை வயதுக்குள் குழந்தை வீட்டாரைப் பார்த்துப் பலவற்றைக் கற்றிருக்கும் என்பதும் மெய்தான். ஆனாலும் என் அபிப்பிராயம் இது: கை நீட்டும் சுபாவம் குழந்தையிடம் வெகு சீக்கிரமே இருக்கிறது. யாருக்கு நீட்டலாம், யாருக்கு நீட்டக் கூடாது என்ற கணக்கை நாம்தான் கற்பிக்கிறோம்.

"எல்லாம் பிறவி" என்ற வாதத்தால் லாபம் அடைந்தவர்கள் யார் என்பதையும் பாருங்கள். வெள்ளைக்கார சர்க்கார் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. சில ஜாதிகளில் பிறந்த குழந்தை பிறக்கும்போதே திருடன் என்பதுதான் அதன் அடிப்படை. கைரேகை எடுத்துப் பதிவு செய்தார்கள். ஆண்களை இரவில் போலீஸ் காவலில் படுக்க வைத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ல் மதுரை ஜில்லா பெருங்காமநல்லூர் ஜனங்கள் அதை எதிர்த்து நின்றபோது துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள். சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுவதும் 1952-லும் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதே குடும்பங்களிலிருந்து பிற்பாடு ஆசிரியர்களும் வக்கீல்களும் அதிகாரிகளும் வந்தார்கள். அவர்கள் ரத்தமா மாறிவிட்டது?

பிறவி இல்லையென்றால், கற்பிப்பவர்கள் யார்? 2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். இதன் பேரில் சர்க்கார் அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் ஜாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, பள்ளிக்கூடங்களின் பெயரில் ஜாதி இருக்கக் கூடாது என்று அது சிபாரிசு செய்தது. எந்தக் குழந்தையும் கையில் கயிறோடு பிறப்பதில்லை. யாரோ ஒரு பெரியவர் கடையில் காசு கொடுத்து வாங்கிக் கட்டிவிடுகிறார்.

"பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பு வைத்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். வைக்கட்டும், நல்லதுதான். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம் வாத்தியார் சொல்லும் பாடத்தைவிட, தினந்தோறும் வீட்டிலும் தெருவிலும் பார்க்கும் பாடம் வலியது. குடியிருப்பும் தனி, சுடுகாடும் தனி என்றிருக்கும் ஊரில் பிள்ளை எதைக் கற்கும்?

தோழர்களே! சர்க்காரைக் கேட்க வேண்டியதைக் கேட்போம். ஆனால் நம் வீட்டையும் கொஞ்சம் பார்ப்போம். மில் வாசல் கூட்டத்தில் ஜாதி பாராமல் தோளோடு தோள் நிற்கிறோம். நடவு வயலில் ஒரே வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறோம். அதே தோழர் நம் வீட்டுக்கு வந்தால் எங்கே உட்கார வைக்கிறோம்? எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுக்கிறோம்? பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் மேடையில் பேசியது அதற்குத் தெரியாது. திண்ணையில் செய்தது தெரியும்.

வேலைநிறுத்த நாட்களில் கஞ்சித்தொட்டி வைத்தால் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பரிமாறும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேளாமல் அகப்பையால் ஊற்றிப் பழகட்டும். அதற்குப் பரிசு எதுவும் வேண்டாம்.

அந்த மண்டபத்தில் தாயிடம் நான் நயமாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அம்மா, தனி டம்ளர் உன் மனசைப் புண்ணாக்கியது இல்லையா? இந்தப் பையனுக்கும் அப்படித்தானே இருக்கும்?" என்று கேட்டிருந்தால், அவள் புரிந்துகொண்டிருப்பாள் என்றே நினைக்கிறேன். கேட்கவில்லை. குழந்தையின் கையை இழுத்தவள் அவள் மட்டுமல்ல. சும்மா நின்ற நானும்தான்.