'ஆன்டி கிராவிட்டி' எல்லாம் இல்லை பாஸ், அது வெறும் காற்று!

2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தை அடுத்த பட்டிபுலத்திலிருந்து, மாணவர்கள் உருவாக்கிய 150 பிகோ செயற்கைக்கோள்களுடன் ராக்கெட் கிளம்பியது. 2024 ஆகஸ்ட்டில் அதே ஈசிஆரில், திருவிடந்தையிலிருந்து 'ரூமி-1'. இதையெல்லாம் பார்த்து 'அடுத்து நாமதான்' என்று யூடியூபைத் திறக்கும் செங்கல்பட்டுப் பிள்ளைகள் கண்ணில் 'லிஃப்டர்' வீடியோவும் பட்டுவிடுகிறது. லேசான குச்சிகள், மெல்லிய கம்பி, அலுமினியத் தாள், அவ்வளவுதான். கரன்ட் கொடுத்தால் மோட்டாரே இல்லாமல் மேலே எழும்பும். கூடவே, 'புவியீர்ப்பை வென்ற ரகசியம்' என்று ஒரு பில்டப்!

ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை. மேலே கம்பி, கீழே தாள், நடுவே பல ஆயிரம் வோல்ட். கம்பியை ஒட்டிய காற்று மூலக்கூறுகள் எலெக்ட்ரானை இழந்து அயனிகளாகி, தாளை நோக்கிப் பாய்கின்றன. வழியில் இருக்கும் சாதாரண மூலக்கூறுகளையும் முட்டித் தள்ளுகின்றன. காற்று கீழே போக, குச்சிக்கூடு மேலே போகிறது. சீலிங் ஃபேன் செய்யும் வேலைதான், றெக்கை மட்டும் கிடையாது.

1920-களில் அமெரிக்காவின் தாமஸ் டவுன்சென்ட் பிரவுன் இதைப் புவியீர்ப்போடு முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. ஆனால் காற்றே இல்லாத இடத்தில் லிஃப்டருக்குத் தள்ள எதுவுமில்லை. அதனால் விண்வெளிக்கு இது உதவாது. 2017-ல் இஸ்ரோ அனுப்பிய ஜிசாட்-9 மின் உந்துவிசையைப் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் அதற்கான செனான் வாயுவை அது கையோடு கொண்டுபோனது.

அதற்காக இதை டுபாக்கூர் என்று ஒதுக்கவும் முடியாது. 2018-ல் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி. (குரோம்பேட்டை அல்ல!) குழு, சுமார் 2.45 கிலோ எடையுள்ள விமானத்தை 40,000 வோல்ட்டில், சுழலும் பாகம் எதுவுமின்றி உள்ளரங்கில் 60 மீட்டர் பறக்கவிட்டது. செலவான மின்சாரத்தில் 3 சதவீதம்கூட உந்துவிசைக்குப் பயன்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இந்த வோல்டேஜுக்காக வீடியோக்களில் பழைய டிவியைப் பிரிக்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் மின்னூட்டம் தங்கியிருக்கும். போதாததற்குக் கடலோர உப்பு ஈரம். இன்சுலேஷன் மேல் படிந்தால் மின்கசிவுக்கு வழி கிடைத்துவிடும். 'வீட்டில் முயற்சிக்காதீர்கள்' என்று ஓரமாகப் போட்டுவிட்டால் எந்தப் பையன் கேட்பான்?

ராக்கெட் பயிற்சி தருபவர்களும் பள்ளிகளும் இதற்கென ஒரு மதியம் ஒதுக்கலாம். ஸ்விட்ச் ஆசிரியர் கையில் இருக்கட்டும், மாணவர்கள் தள்ளி நிற்கட்டும். கம்பிக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவத்தியை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிட்டு, சுடர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேளுங்கள்.