உக்கிராணக்காரனின் கணக்கு



குதிரைப் பந்தயத்தை மேற்பார்வை செய்வோரை ‘ஸ்டூவர்ட்’ என்பார்கள். நமது வேதாகமத்தில் அச்சொல் ‘உக்கிராணக்காரன்’. பிறர் பொருளுக்குக் கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவன்.

கிண்டியின் கணக்கைப் பாருங்கள். பந்தயம் கட்டுவதை ஒழிக்க 1974இல் தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம், அது சூதன்று, திறமையின் ஆட்டமே எனத் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு ஆண்டு வாடகையோ வெறும் 614 ரூபாய்! 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி எனக் கூறி, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்தது. விவகாரம் நீதிமன்றம் சென்றது.

குதிரைக்கும் அதை ஓட்டுபவருக்கும் திறமை உண்டு. செங்கம் சாலையில் நாளெல்லாம் ஆட்டோ ஓட்டிய கூலியைப் பந்தயத்தில் வைப்பவருக்கு அதில் என்ன பங்கு? தோற்றவர் பணத்தில்தானே பந்தயமே பிழைக்கிறது! நடத்துவோரே தங்களை மேற்பார்வையிடுவதும் நியாயமன்று. சுதந்தரமான ஆணையம் வேண்டும். உரிமையாளரின் கட்டணமும் நுழைவுச்சீட்டுமே அதன் வருவாயாகட்டும். பொது நிலத்துக்கு நேர்மையான வாடகை செலுத்தட்டும். இயலாதெனில், நிலம் மக்களுக்கே திரும்பட்டும்.

பிரியமானவர்களே, கழகத்திடம் கணக்குக் கேட்கும் நாம், நமது சபையின் காணிக்கைக் கணக்கையும் முதலாவது திறந்து வைப்போம். நாமும் உக்கிராணக்காரரே. ஆமென்.