அம்மைப்பாலும் அயல்வீட்டுப் பிள்ளையும்

2017ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தட்டம்மை, ருபெல்லா ஆகிய இரு நோய்களுக்கும் சேர்த்து ஒரே தடுப்பூசி போடும் இயக்கம் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றில் முதற்கட்டமாகத் தொடங்கியது. ஒன்பது மாதக் கைக்குழந்தை முதல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர் வரை, முன்பு போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், எல்லோருக்கும் ஒரு தவணை. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1.76 கோடிப் பிள்ளைகள். பிப்ரவரி இறுதிக்குள் முடித்துவிடலாம் என்பது அரசின் கணக்கு. முடியவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த குரற்பதிவுகளும் காணொளிகளும் ஊசிக்கு முன்னரே வீடுகளுக்குள் நுழைந்துவிட்டன. மலட்டுத்தன்மை வரும் என்றார்கள், மதியிறுக்கம் வரும் என்றார்கள், வெளிநாட்டுச் சதி என்றார்கள். இயக்கத்தை மார்ச்சு வரை நீட்டிக்க நேர்ந்தது.

அப்போது எங்கும் கேட்ட புலம்பல், “படித்தவர்களே இப்படியா?” என்பதுதான். இந்தப் புலம்பலோடு நமக்கு உடன்பாடு இல்லை. வதந்திகள் பொய்யானவை, அதில் ஐயமில்லை. தடுப்பூசியையும் மதியிறுக்கத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரை வெறும் பன்னிரண்டு குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் வதந்திகளுக்கு நடுவே பெற்றோர் கேட்ட ஒரு கேள்வி வதந்தி அன்று. “என் மகனுக்கு ஏற்கெனவே இரண்டு தவணை போட்டாயிற்று. அவனுக்கு இது எதற்கு?” இந்தக் கேள்விக்குப் பள்ளிகளிலிருந்து வந்த விடை பெரும்பாலும் ஒன்றே: “உங்கள் பிள்ளையின் நன்மைக்காக.”

அந்த விடை அரை உண்மை. கேட்டவர்களும் அதை உணர்ந்தார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

ருபெல்லாவை எடுத்துக்கொள்வோம். பத்து வயதுப் பையனுக்கு அது வந்தால் இலேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு, பிறகு விளையாடப் போய்விடுவான். பலருக்கு வந்ததே தெரியாது. ஆனால் அவன் வீட்டிலோ பேருந்திலோ அவனருகே கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் இருக்கும் ஒரு பெண் இருந்து, அவளுக்கு முன்பே எதிர்ப்புத் திறன் அமையாதிருந்தால், பிறக்கப்போகும் குழந்தை கண்புரையோடும், கேளாச் செவியோடும், ஓட்டை விழுந்த இதயத்தோடும் பிறக்கக்கூடும். ஆகவே அந்தப் பையனின் கையில் ஏறும் ருபெல்லா மருந்து பெரும்பாலும் அவனுக்கானது அன்று. இன்னும் பிறவாத, அவன் ஒருபோதும் அறியப்போகாத ஒரு குழந்தைக்கானது. தட்டம்மையிலும் இந்தப் பங்கு உண்டு. நோயுற்ற ஒருவர், எதிர்ப்புத் திறன் இல்லாத பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அதைப் பரப்ப வல்லவர். ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் காப்புற்றிருந்தால்தான் அது ஊருக்குள் பரவ வழியின்றி ஓயும். வழக்கமான தவணைக்கு இன்னும் வயது வராத எட்டு மாதக் குழந்தைக்கும், புற்றுநோய் மருத்துவத்தில் இருப்பதால் உயிருள்ள தடுப்பு மருந்தைப் பெற முடியாத சிறுமிக்கும் சுற்றியிருக்கும் மற்றப் பிள்ளைகளே மதில்.

இதை ஏன் வாய்திறந்து சொல்லவில்லை? “உங்கள் பிள்ளைக்குச் சிறு வலி, ஒரு நாள் காய்ச்சல், அதில் ஒரு பங்கு அயல்வீட்டுப் பிள்ளைக்காக” என்று சொன்னால் தமிழ்ப் பெற்றோர் மறுத்துவிடுவார்கள் என்று எவர் முடிவு செய்தார்? அன்னதானத்துக்கு அரிசி அளக்கும், அறியாதவருக்குக் குருதி கொடுக்கும் மக்களிடம் இதைச் சொல்லத் தயங்குவது நமக்கு விந்தையாகவே படுகிறது.

இந்தத் தயக்கத்துக்கு இருநூறு ஆண்டு வயது. 1802 ஜூனில் பம்பாயில் ஒரு சிறுமிக்கு அம்மைப்பால் குத்தப்பட்டது. இந்தியாவில் அதுவே முதல். விரைவில் சென்னைக்கும் வந்தது. அன்று குளிர்பெட்டி இல்லை. மருந்து பயணம் செய்தது குழந்தைகளின் கைகளில்தான். குத்திய எட்டாம் நாள் வாக்கில் கையில் எழும்பும் கொப்புளத்தைக் கீறி, அந்த நீரை அடுத்த குழந்தையின் கையில் வைப்பார்கள். பெற்றோர் இரண்டு வகையில் அஞ்சினர். வேறு வீட்டு, வேறு சாதிப் பிள்ளையின் உடல்நீர் தம் பிள்ளைக்குள் வருவது ஓர் அச்சம். புண் ஆறாத தம் பிள்ளையை மற்றவர்களுக்காக மறுபடியும் கீறக் கொடுப்பது இன்னோர் அச்சம். முதலாவதில் சாதியின் நாற்றம் உண்டு. அதற்கு நாம் வக்காலத்து வாங்க மாட்டோம். இரண்டாவது அப்படியன்று, வலியில் அழும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் எவளுக்கும் வரக்கூடியது அது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்நாளில் ஒரு பிள்ளையின் காப்பு இன்னொரு பிள்ளையின் கையிலிருந்து வருகிறது என்பது கண்ணெதிரே தெரிந்தது. பின்னர்க் கன்றின் தோலில் வளர்த்தெடுத்த பால் வந்தது. சென்னை மாகாணத்துக்கு அதைத் தயாரித்துக் கொடுக்கவே 1899இல் கிண்டியில் கிங் நிலையம் நிறுவப்பட்டது. பிள்ளைகளுக்குக் கீறல் மிச்சம். கூடவே அந்த உறவும் கண்ணிலிருந்து மறைந்தது.

அந்தத் தொடக்க காலத்தில் அம்மைப்பாலுக்குப் பரிந்து தமிழில் எழுதியவர் யார் என்பது இலக்கிய வாசகர்களுக்குச் சுவையான செய்தி. திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை கண்ட எல்லிஸ் துரைதான் அவர். மாரியின் சினமே அம்மை என்று நம்பிய மக்களிடம் சீமை மருந்தைக் கொண்டுசெல்ல அவர் கண்ட வழி, ஒரு புராணக் கதை. சக்தியும் தன்வந்திரியும் உரையாடுகிறார்கள். பசுவின் வழியாக வரும் புதிய அருளைத் தேவி அறிவிக்கிறாள். எல்லிஸின் தமிழ்ப் புலமைக்கு நாம் தலைவணங்குகிறோம். அவர் நோக்கமும் நல்லதே. ஆனால் அதில் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது: இவர்களுக்குக் கதை சொல்லலாம், காரணம் சொல்ல முடியாது. வந்த துரைகளும் போன துரைகளும், அவர்களுக்குப் பின் அமர்ந்த நம்மவர்களும் அந்த முன்முடிவைக் கைவிடவில்லை.

காரணம் கேட்டவர்களில் சாமானியர் மட்டும் இல்லை. 1955இல் பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்து நூலெழுதியவர் ராஜாஜி. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்து ஓராண்டுதான் கடந்திருந்தது. பயன் உறுதிப்படாத ஒன்றைப் பெருந்திரளான பிள்ளைகளுக்கு ஏன் குத்த வேண்டும் என்பது அவர் கேள்வியின் சாரம். அவரைப் பழமைவாதி என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் அறிவியல் அவரை ஒதுக்கவில்லை. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதியில், இலட்சக்கணக்கானோரைக் கொண்டு உலகின் மிகப்பெரும் பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. 1979இல் வெளிவந்த அதன் முதல் முடிவு கசப்பானது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை. முடிவை மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள். அதே வேளையில், கைக்குழந்தைகளுக்கு வரும் மூளைச்சவ்வுக் காசநோயையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் அது தடுக்கிறது என்பதற்கு வேறு ஆய்வுகளில் போதிய சான்று இருந்தது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் இடது தோளில் அது போடப்படுகிறது. எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று தெரிந்தே போடுகிறோம். ராஜாஜியின் அச்சம் முழுக்கச் சரியும் அன்று, முழுக்கத் தவறும் அன்று. அதற்கு ஏற்ற விடை ஆய்வாகவே வந்தது. ஐயத்துக்குச் செய்யும் மரியாதை என்று நாம் சொல்வது இதைத்தான்.

அதே திருவள்ளூர் மாவட்டத்தில் 2008 ஏப்ரலில் தட்டம்மை ஊசி போட்ட சிறிது நேரத்துக்குள் நான்கு குழந்தைகள் இறந்தன. இந்த ஒரு வரியை எழுதிவிட்டு மேலே செல்ல நமக்கே கை வரவில்லை. அந்த ஊசி உலகெங்கும் கோடிக்கணக்கில் போடப்பட்டது, உயிர் காத்தது என்பதெல்லாம் உண்மை. அந்த நான்கு வீடுகளில் அந்த உண்மையை எவரும் உரக்கச் சொல்ல இயலாது. அதன்பின் ஊருக்குள் வந்து ஊசி போடும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே பிள்ளையைத் தூக்கிவர வேண்டும் என்றாயிற்று. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. ஆனால் அன்றாடக் கூலியை விட்டுப் பேருந்தேறிப் போக வேண்டியவளுக்கு அந்தத் தொலைவு சிறிதன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒன்று முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் முழுத் தடுப்பூசி பெற்றவர்கள் 2005-06இல் நூற்றுக்கு 81 பேர், 2015-16இல் 70. பத்தாண்டில் இந்தச் சரிவை அறியாமையின் கணக்கில் எழுதிவிட முடியுமா? தொலைவுக்கும், விடை கிடைக்காத அச்சத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்பது நம் எண்ணம். 2019-21இல் இந்த அளவு 89ஆக உயர்ந்தது. பத்தாண்டில் தமிழ்த் தாய்மார் திடீரென்று அறிவிழந்து மறுபடியும் அறிவு பெற்றார்கள் என்று எவரும் வாதிட மாட்டார்கள்.

இனி நம்மைப் போன்றவர்களைப் பற்றி. நூல் வாசிப்போர், இயற்கை வாழ்வில் நாட்டமுடையோர், செக்கு எண்ணெயும் சிறுதானியமும் தேடி வாங்குவோர் நடுவில் ஊசியை அடியோடு மறுப்பவர் குறைவு. “போடுவோம், கொஞ்சம் தள்ளிப் போடுவோம், பிரித்துப் போடுவோம்” என்போர் மிகுதி. நிதானமான குரல் போலவே ஒலிக்கிறது. நம் கருத்தில் இது மறுப்பைவிட நல்லதே தவிர, நல்லது அன்று. அட்டவணையிலுள்ள நாள்கள் எவரோ நாள்காட்டியைப் பார்த்துக் குறித்தவை அல்ல. தாய்க்கு மஞ்சள்காமாலை பி கிருமி இருந்தால் பிறப்பின்போதே பிள்ளைக்குத் தொற்றும். ஆகவே அதன் முதல் ஊசி இருபத்து நான்கு மணி நேரத்துக்குள். கக்குவான் இருமல் கொல்வது பெரும்பாலும் பிறந்த முதல் சில மாதங்களில். ஆகவே ஆறு, பத்து, பதினான்கு வாரங்கள். தட்டம்மைக்கு மட்டும் ஏன் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்? தாய் கருவிலேயே கொடுத்தனுப்பிய எதிர்ப்புப் பொருள் குழந்தையின் குருதியில் சில மாதங்கள் தங்கி, ஊசி மருந்தையும் பகையென எண்ணி அழித்துவிடும். அது வற்றும் வரை பொறுக்க வேண்டும். மிகவும் பொறுத்தால் நோய் முந்திக்கொள்ளும். ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றில் ஏறத்தாழ எண்பத்தைந்து குழந்தைகளுக்கே பலிக்கும். எஞ்சியவர்கள் எவர் என்று வெளியே தெரியாது. அவர்களுக்காகவே பதினாறு மாதத்துக்கு மேல் இரண்டாம் தவணை எல்லோருக்கும். “முதல் ஊசியே போதாதா” என்று அதைத் தவிர்க்கும் பெற்றோரிடம் இந்தக் கணக்கை எவராவது சொல்லியிருக்கிறார்களா?

தள்ளிப்போட இவ்வளவு எளிதாக மனம் வருவதற்கு மொழியும் ஒரு சான்று. கக்குவான், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி, மணல்வாரி, இளம்பிள்ளை வாதம் என்ற சொற்கள் நம் பாட்டிமாரின் வாயில் நடுக்கத்தோடு வந்தவை. இன்றைய இளம் தாய்க்கு அவற்றில் பாதி அகராதிச் சொற்கள். பெரியம்மை இந்தியாவில் 1975க்குப் பின் இல்லை. இயற்கையான போலியோ கிருமியால் இங்கே கடைசிக் குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். நோய் போனால் அதன் பெயரும் போகும், அச்சமும் போகும். ஊசியின் அச்சம் மட்டும் எஞ்சும். ஆனால் எல்லாம் போய்விடவில்லை. 2016இல் அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புறத்தில், தடுப்பூசி குறைந்திருந்த ஊர்களில் தொண்டை அடைப்பான் திரும்பி வந்தது, பிள்ளைகளைக் கொண்டும் போனது. எழுத்தறிவில் முன்னிற்கும் மாநிலம் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

தடுப்பூசியைக் கட்டாயச் சட்டமாக்கலாம் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. நமக்கு அதில் நாட்டமில்லை. சட்டம் போட்டால் ஒளிந்துகொள்வார்கள்; ஒளிந்துகொண்டவரிடம் பேச முடியாது. நாம் கேட்பது மிகச் சிறியது. புதன்கிழமை தோறும் ஊசி போடும் கிராம சுகாதாரச் செவிலியரை ஊரார் நர்ஸம்மா என்றே அழைக்கிறார்கள். பிரசவத்துக்கு முன்பிருந்தே வீடறிந்தவர் அவர். வாட்ஸ்அப் குரலை வெல்லக்கூடிய குரல் ஒன்று உண்டென்றால் அது அவருடையது. அவர் கையில் இன்று இருப்பது பதிவேடுகள், இலக்குகள், கணினியில் ஏற்ற வேண்டிய எண்கள். ஒரு தாயின் கேள்விக்குப் பத்து நிமிடம் ஒதுக்க அவருக்கு நேரம் வேண்டும். பணியிடங்கள் காலியாக விடப்படாமல் இருந்தால் அந்த நேரம் கிடைக்கும். தாய் சேய் நல அட்டையில் தேதிகளுக்கு அருகில், அந்தத் தேதி ஏன் என்று ஒவ்வொரு வரி தமிழில் அச்சிடலாம். ருபெல்லாவுக்கு எதிரே, இது பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகவும் என்று எழுதலாம். ஊசிக்குப் பின் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால், விசாரணையின் முடிவை, அது எதுவாயினும், முதலில் அந்தப் பெற்றோர் கையில் தமிழில் கொடுக்க வேண்டும். பிறகு நாளிதழ்களுக்குக் கொடுக்கலாம்.