ரேம் எவ்வளவுன்னு அப்புறம் கேளுங்க, கர்னல் யாரோடதுன்னு முதல்ல கேளுங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஆரம்பிக்கும்போது வருஷா வருஷம் நம்ம வாட்ஸ்அப் குரூப்ல வர்ற கேள்வி ஒன்னு இருக்கு: "மச்சி, கம்மி விலைல வி.பி.எஸ் எங்க கிடைக்கும்?" ஒருத்தன் 4 ஜிபி ரேம்னு ஒரு லிங்க் போடுவான். இன்னொருத்தன் அதைவிட 200 ரூபாய் கம்மியா இன்னொன்னு போடுவான். அந்தப் பக்கத்தோட ஓரத்துல பொடி எழுத்துல ஒரு வார்த்தை இருக்கும்: ஓபன்விஇசட், எல்.எக்ஸ்.சி, கே.வி.எம் இதுல ஏதாவது ஒன்னு. அதை யாரும் படிக்கிறதில்ல. என்னைக் கேட்டா, காசு கட்டறதுக்கு முன்னாடி படிக்க வேண்டியதே அதைத்தான்.

ஒரு பெரிய சர்வரைக் கூறு போட்டு, பல சின்ன சர்வர்களா விக்கிறதுதான் இந்தத் தொழில். கூறு போட ரெண்டு வழி. கன்டெய்னர் வழியில மொத்த மெஷினுக்கும் ஒரே கர்னல். உங்களுக்குன்னு தனி ஃபைல்கள், தனி ப்ராசஸ்கள், தனி ஐபி இருக்கும். கர்னல் மட்டும் விக்கிறவரோடது. 2005-ல வந்த ஓபன்விஇசட் இந்த வகை. இப்போ பரவலா இருக்கிற எல்.எக்ஸ்.சியும் அதே வகைதான். இன்னொரு வழி கே.வி.எம். இதுல ப்ராசஸரே கைகொடுக்கிறதால ஒவ்வொருத்தருக்கும் ஒரு முழு மெஷின் மாதிரியே கிடைக்கும், கர்னலும் உங்களோடது. இது 2007 பிப்ரவரியில வந்த லினக்ஸ் 2.6.20-லேயே சேர்ந்தாச்சு. அதுக்கு முன்னாடி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல பிறந்த ஜென் இருந்துச்சு. அமேசான் 2006-ல தன்னோட கிளவுட் சர்வர்களை அதை வச்சுத்தான் தொடங்கினாங்க. 2017-ல இருந்து அவங்களும் புது மெஷின்களை கே.வி.எம் அடிப்படைக்கு மாத்திட்டாங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். கன்டெய்னர்ங்கிறது வாய்க்கால் பாசனம். ஒரே வாய்க்கால், ஒரே ஷட்டர், அதைத் திறந்து மூடுறது வேற ஆள். மேட்டூர்ல ஜூன் 12 அன்னிக்கே தண்ணி திறந்தாலும், தலைமடைக்காரருக்கு எப்போ வந்துச்சு, பேராவூரணி கடைமடைக்கு எப்போ வந்துச்சுங்கிறது வேற கதை. முறை வச்சு விட்டாத்தான் எல்லாருக்கும் கிடைக்கும். ஓபன்விஇசட் விக்கிற பல பேர் முறை வைக்கிறதில்ல. 64 ஜிபி மெஷின்ல மொத்தம் 200 ஜிபி வித்திருப்பாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல பாய்ச்ச மாட்டாங்கங்கிற நம்பிக்கையில. அது பொய்யாகிற அன்னிக்கு கடைமடை நீங்கதான்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். "காய்ச்சலும் பாய்ச்சலும்" முறைக்கு வயல்ல நீர்மட்டம் அளக்கிற சென்சார் ப்ராஜெக்ட் டெல்டா காலேஜ்கள்ல யாராவது ஒரு டீம் செஞ்சுகிட்டேதான் இருப்பாங்க. வயல்ல இருக்கிற போர்டு ஒரு சிம் கார்டு வழியா சர்வருக்கு அளவை அனுப்பும். அனுப்புற வரைக்கும் எந்த வி.பி.எஸ்ஸும் போதும், மஸ்கிட்டோ மாதிரி ஒரு ப்ரோக்கருக்கு சில எம்பி ரேம் இருந்தாலே தாராளம். சிக்கல் திரும்பி வர்ற பாதையில. மொபைல் சிம்முக்குத் தனி பொது ஐபி பெரும்பாலும் கிடைக்காது. அப்போ காலேஜ்ல உட்கார்ந்துகிட்டு வயல்ல இருக்கிற போர்டுக்குள்ள போகணும்னா நடுவுல ஒரு வி.பி.என் வேணும். வயர்கார்ட் போடலாம்னு பார்த்தா அது கர்னல் மாட்யூல். கன்டெய்னருக்குள்ள இருந்து மாட்யூல் ஏத்த முடியாது. ஓபன் வி.பி.என் போடணும்னாலும் விக்கிறவர் டன் டிவைஸைத் திறந்து விடணும். டிக்கெட் போட்டுட்டு காத்திருக்கணும். நாளைக்கு ரிவ்யூன்னா யார்கிட்ட போய்ச் சொல்றது?

பழைய கர்னல் இன்னொரு தலைவலி. ஓபன்விஇசட் 6 ஓடுறது 2.6.32 கர்னல்ல, அந்தக் கர்னல் 2009-ல வந்தது. அது சார்ந்திருந்த ரெட் ஹாட் 6-க்கான வழக்கமான பராமரிப்பு 2020 நவம்பரோட முடிஞ்சது. டாக்கர் குறைந்தபட்சம் 3.10 கேட்கும். நீங்க உள்ள எவ்வளவு புது உபுண்டு போட்டாலும் கர்னல் மாறாது, ஏன்னா அது உங்க கையில இல்ல. ஸ்வாப் ஃபைல் போட்டு சமாளிக்கலாம்னு பார்த்தா அதுவும் முடியாது. மெமரி தீர்ந்தா மைஎஸ்க்யூஎல் சத்தமில்லாம செத்துக் கிடக்கும்.

ரகசியம் பத்தியும் ஒரு வார்த்தை. கன்டெய்னரை நடத்துறவர் உங்க பாஸ்வேர்டு இல்லாமலே ஒரே கட்டளையில உள்ள வரலாம். கே.வி.எம்லயும் டிஸ்க்கைத் திறந்து பார்க்க முடியும், ஆனா அதுக்குக் கொஞ்சம் மெனக்கெடணும். விவசாயிகளோட போன் நம்பரும் சர்வே எண்ணும் டேட்டாபேஸ்ல வச்சிருக்கிற டீம்கள் இதை யோசிக்கணும். ரிவ்யூவுல மார்க் கிடைக்காத விஷயம்தான், இருந்தாலும் நம்பிக் கொடுத்தது அவங்க.

அதனால 4 ஜிபி கன்டெய்னரும் 1 ஜிபி கே.வி.எம்மும் ஒரே விலைன்னா, நான் யோசிக்காம 1 ஜிபியைத்தான் எடுப்பேன்.

அதுக்காக கே.வி.எம்னு போட்டாலே தங்கம்னு நினைக்காதீங்க. அது சொந்த போர்வெல் மாதிரி. மோட்டார் உங்களோடது, நிலத்தடி நீர் ஊருக்கே பொது. ப்ராசஸரை அளவுக்கு மீறி விக்கிறது கே.வி.எம்லயும் நடக்கும், மெமரியையே கூட்டி விக்கிற வசதியும் லினக்ஸ்ல இருக்கு. கண்டுபிடிக்க வழி உண்டு. டாப் கட்டளை கொடுத்தா சிபியூ வரியோட கடைசியில எஸ்.டின்னு ஒரு எண் வரும், திருடப்பட்ட நேரம்னு அர்த்தம். ஒருநாள் முழுக்க நேரம் மாத்தி மாத்திப் பாருங்க. சாயங்காலம் ஆனா 10, 20-ன்னு ஏறுதுன்னா, அக்கம்பக்கத்து மோட்டாரெல்லாம் ஓடுதுன்னு அர்த்தம். இது தெரியணும்னாலே முதல்ல மாசக் கணக்குலதான் வாங்கணும். வருஷத்துக்கு மொத்தமா கட்டினா பாதி விலைங்கிற ஆசை, ஆறாவது மாசம் சைட்டே காணாமப் போகும்போதுதான் என்னன்னு தெரியும். சில தள்ளுபடிக் கடைகளோட ஆயுசே அவ்வளவுதான்.

கன்டெய்னரே வேண்டாம்னு நான் சொல்லல. ஷட்டர் சாவி நம்ம கையில இருந்தா அதைவிட சிக்கனம் வேற இல்ல. டிபார்ட்மென்ட் லேப்ல தூசி படிஞ்சு கிடக்கிற 8 ஜிபி டெஸ்க்டாப் ஒன்னை எடுத்து ப்ராக்ஸ்மாக்ஸ் போடுங்க (அவங்களும் 2015-ல ஓபன்விஇசட்டை விட்டுட்டு எல்.எக்ஸ்.சிக்கு மாறினவங்கதான்). கே.வி.எம்மா வெட்டினா மூணு நாலு டீமுக்கு வரும். எல்.எக்ஸ்.சியா வெட்டினா சின்னச் சின்ன வெப்சைட் வச்சிருக்கிற பதினஞ்சு டீம் தாராளமா உட்காரலாம். கர்னலை அப்டேட் பண்றது நம்ம சீனியர், மெமரியை ஒருத்தன் மொத்தமா உறிஞ்சினா கூப்பிட்டுத் திட்டுறதும் அவர்தான். அந்தத் திட்டு ஒரு நல்ல முறைப்பாசனம்.

கரண்ட்டுதான் அதுக்கு எதிரி. 2018-ல கஜா புயல் அடிச்சப்போ பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கம் எத்தனை நாள் இருட்டுல கிடந்தோம்னு வீட்ல கேளுங்க. வயல் டேட்டா ஒரு போகம் முழுக்க விடாம சேரணும்னா சர்வர் வெளியில இருக்கிறதுதான் சரி. மும்பை, பெங்களூரு, சென்னையிலேயே கே.வி.எம் தர்றவங்க இருக்காங்க. ஐரோப்பாவுல சல்லிசா கிடைக்குதுன்னு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்ல. லேப் மெஷின்ல கட்டிப் பாருங்க. சென்சாரை வயல்ல நடுற வாரத்துல 1 ஜிபி கே.வி.எம் ஒன்னு மாச வாடகைக்கு எடுங்க. உள்ள போனதும் முதல் வேலையா சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்னு ஒரு கட்டளை அடிச்சுப் பாருங்க. கே.வி.எம்னு காசு வாங்கிட்டு வேற எதையாவது கொடுத்திருந்தா அதுவே சொல்லிடும், ரீஃபண்ட் கேட்க டைமும் இருக்கும்.